வானிலை முன்னுரைப்பில் துல்லியம்: செயற்கை நுண்ணறிவும் மரபுவழிக் கணிப்பும்



கடந்த சில ஆண்டுகளாக ஒரு செய்தி நம் செவிகளை அடிக்கடி எட்டுகிறது. வானிலையை முன்னுரைப்பதில் செயற்கை நுண்ணறிவு மரபுவழிக் கணினி மாதிரிகளை வென்றுவிட்டது என்பதே அச்செய்தி. அதனைப் பொய்யென்று ஒதுக்க இயலாது. 2023 நவம்பரில் ‘சயன்ஸ்’ ஆய்விதழில் வெளிவந்த கட்டுரையொன்று, கிராஃப்காஸ்ட் என்னும் மாதிரி 1,380 அளவீடுகளில் ஏறத்தாழ 90 விழுக்காட்டில் ஐரோப்பிய இடைக்கால வானிலை முன்னுரைப்பு நடுவத்தின் முதன்மை மாதிரியை விஞ்சியதாகக் காட்டியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த ஜென்காஸ்ட் மாதிரி, 1,320 அளவீடுகளில் 97 விழுக்காட்டுக்கு மேல் அந்நடுவத்தின் குழுமக் கணிப்பை விஞ்சியது.

இவ்வெண்களைக் கேட்ட பின்னரும் நம் முன் ஒரு கேள்வி நிற்கிறது. நாளைக் காலை பள்ளித் திடலில் விளையாட்டுப் போட்டியை நடத்தலாமா? 90 விழுக்காடு, 97 விழுக்காடு என்னும் வெற்றிகள் இக்கேள்விக்கு நேராக விடை தருவதில்லை. ஏன் தருவதில்லை என்பதை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம். துல்லியம் என்பது ஒற்றை எண்ணன்று. எதனை, எங்கே, எதனோடு ஒப்பிட்டு, யாருடைய முடிவுக்காக அளந்தோம் என்னும் நான்கும் சேர்ந்ததே துல்லியம் என்பதை இங்கே எடுத்துரைக்க விழைகிறோம்.

இருவேறு வழிகள்

முதலில் இவ்விரு முறைகளும் எவ்வாறு இயங்குகின்றன என்பதைச் சுருக்கமாகக் காண்போம்.

மரபுவழிக் கணிப்பு இயற்பியல் விதிகளிலிருந்து தொடங்குகிறது. காற்றின் இயக்கம், வெப்பம், ஈரப்பதம், அழுத்தம் ஆகியவற்றுக்கிடையிலான உறவுகளைச் சமன்பாடுகளாக எழுதி, இன்றைய நிலையிலிருந்து நாளைய நிலையைச் சிறு சிறு கால அடிகளாகக் கணக்கிட்டுச் செல்வது அதன் முறை. இங்கிலாந்தைச் சேர்ந்த லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் இதனை முதன்முதலில் கையால் செய்துபார்த்தார். 1910 மே 20ஆம் நாளின் பதிவுகளை எடுத்துக்கொண்டு, ஆறு மணி நேரத்தில் அழுத்தம் எவ்வளவு மாறும் என்று கணக்கிட்டார். 145 மில்லிபார் உயரும் என்று விடை வந்தது. உண்மையில் அன்று அழுத்தம் ஏறத்தாழ மாறாமலே இருந்தது. ரிச்சர்ட்சன் அந்தத் தோல்வியை மறைக்கவில்லை. 1922இல் வெளியிட்ட தம் நூலில் கணக்கு முழுவதையும் அச்சிட்டார். பின்வந்தோர் அந்தக் கணக்கை மீண்டும் ஆராய்ந்து, முறை சரியே என்றும், தொடக்கத் தரவுகளில் இருந்த சமனின்மையே பிழைக்குக் காரணம் என்றும் கண்டறிந்தனர். 1950இல் எனியாக் என்னும் மின்னணுக் கணினி 24 மணி நேரத்துக்கான கணிப்பைச் செய்து முடிக்க ஏறத்தாழ 24 மணி நேரம் எடுத்துக்கொண்டது. வானிலையோடு வானிலையாகக் கணினியும் நடந்த காலம் அது. 1979இல் ஐரோப்பிய நடுவம் அன்றாட முன்னுரைப்புகளை வழங்கத் தொடங்கியது. அதன்பின் ஒவ்வொரு பத்தாண்டிலும் இம்முறை சீராக மேம்பட்டு வந்துள்ளது.

செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் வேறு வழியில் செல்கின்றன. அவற்றுக்குச் சமன்பாடுகள் கற்பிக்கப்படுவதில்லை. பல்லாண்டுக் கால வானிலைப் பதிவை அவற்றின் முன் வைத்து, ‘இந்நிலைக்குப் பின் ஆறு மணி நேரத்தில் எந்நிலை வந்தது’ என்று திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். கிராஃப்காஸ்ட் 1979 முதல் 2017 வரையிலான 39 ஆண்டுப் பதிவைக் கற்றது. கற்று முடித்தபின், தற்போதைய நிலையையும் ஆறு மணி நேரத்துக்கு முந்தைய நிலையையும் கொடுத்தால், உலகம் முழுமைக்குமான பத்து நாள் முன்னுரைப்பை ஒரே கணிப்புக் கருவியில் ஒரு நிமிடத்துக்குள் தந்துவிடுகிறது. மரபுவழி மாதிரிக்கு இதே பணிக்குப் பெருங்கணினி தேவை. 2025 பிப்ரவரியில் ஐரோப்பிய நடுவமே தன் செயற்கை நுண்ணறிவு மாதிரியை அன்றாடப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. அதன் ஆற்றல் செலவு மரபுவழி மாதிரியின் செலவில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே என்று அந்நடுவம் அறிவித்தது. பெருங்கணினி வாங்க வசதியற்ற நாடுகளுக்கு இது பெரும்பேறு.

ஆயினும் ஓர் உண்மையை மறத்தலாகாது. அந்த 39 ஆண்டுப் பதிவு வானத்திலிருந்து நேரே இறங்கியதன்று. வானிலை நிலையங்கள், பலூன்கள், கப்பல்கள், விமானங்கள், செயற்கைக்கோள்கள் ஆகியவற்றின் அளவீடுகளை மரபுவழி மாதிரியோடு இணைத்து ஐரோப்பிய நடுவம் உருவாக்கிய மீள்பகுப்பாய்வுத் தொகுப்பே அது. ஒவ்வொரு நாளும் தொடங்கும் நிலையையும் இம்மாதிரிகள் பெரும்பாலும் மரபுவழி மாதிரியின் பகுப்பாய்விலிருந்தே பெறுகின்றன. ஆசிரியரின் குறிப்பேட்டைப் படித்துத் தேர்ந்த மாணவர், ஆசிரியரைவிட விரைவாக விடை எழுதுகிறார் என்பதே இன்றைய நிலை. அது பாராட்டத்தக்கது. ஆனால் குறிப்பேடு இனித் தேவையில்லை என்று அதற்குப் பொருளில்லை.

96 விழுக்காட்டின் பாடம்

மதிப்பீட்டுக்கு வருவோம். 1884ஆம் ஆண்டு அமெரிக்கப் படையின் சமிக்ஞைப் பிரிவில் பணியாற்றிய ஃபின்லி என்பார், டோர்னேடோ எனப்படும் கடுஞ்சுழற்காற்றை முன்னுரைக்க முற்பட்டார். அவர் வழங்கிய முன்னுரைப்புகள் 2,803. அவற்றுள் 96.6 விழுக்காடு சரியாக அமைந்தன. எவரும் மெச்சும் எண்தான்.

அதே ஆண்டில் கில்பர்ட் என்னும் நிலவியலாளர் அவ்வெண்ணைப் பிரித்துப் பார்த்தார். சுழற்காற்று வரும் என்று ஃபின்லி சொன்ன முறைகள் 100. அவற்றுள் உண்மையில் வந்தவை 28 மட்டுமே. வராது என்று அவர் சொல்லியும் வந்தவை 23. எஞ்சிய 2,680 முறை அவர் வராது என்றார், வரவில்லை. வானிலையை ஒரு நாளும் நிமிர்ந்து பாராத ஒருவர், எல்லா நாளும் ‘வராது’ என்று மட்டும் சொல்லியிருந்தால் அவருக்குக் கிடைத்திருக்கும் மதிப்பெண் 98.2 விழுக்காடு. ஆய்ந்தவரைவிட ஆயாதவரே துல்லியமானவர் என்று அவ்வளவுகோல் தீர்ப்பளித்திருக்கும்!

இதிலிருந்து நாம் கற்பது யாது? ஒரு முன்னுரைப்பின் மதிப்பெண்ணைத் தனியே நிறுத்திப் பார்த்தல் கூடாது. எளிய மாற்று ஒன்றோடு ஒப்பிட்டே பார்த்தல் வேண்டும். ‘நேற்றைப் போலவே இன்றும்’ என்பது ஓர் எளிய மாற்று. ‘இம்மாதத்தின் வழக்கமான நிலையே இன்றும்’ என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் வெல்லும் அளவே முன்னுரைப்பின் திறன். மேலும், அரிதான நிகழ்வுகளை மதிப்பிடும்போது ‘வராது என்றோம், வரவில்லை’ என்னும் பெருங்குவியலை ஒதுக்கிவிட்டு, பலித்தவை எத்தனை, வீண் எச்சரிக்கைகள் எத்தனை, தவறவிட்டவை எத்தனை என்று எண்ண வேண்டும். வெள்ளத்தில் வீட்டை இழந்தவருக்கு அந்த 2,680 ஆறுதல் தராது.

மங்கலான படம் ஏன் வெல்கிறது?

இனி, செயற்கை நுண்ணறிவு மாதிரிகளுக்கே உரிய ஒரு சிக்கலைக் காண்போம். இம்மாதிரிகளுள் பல, பிழையின் வர்க்கச் சராசரியைக் குறைக்குமாறு பயிற்றுவிக்கப்பட்டவை. அவற்றை மதிப்பிடும் முதன்மை அளவுகோலும் பெரும்பாலும் அதுவே. அவ்வளவுகோல் எதனை விரும்புகிறது என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்குவோம். மாணவர்கள் தாளில் எழுதிச் சரிபார்க்கலாம்.

ஜூரோங், உட்லண்ட்ஸ், தோ பாயோ, தெம்பனிஸ் என்னும் நான்கு இடங்களைக் கொள்வோம். ஒரு பிற்பகலில் உட்லண்ட்சில் மட்டும் 40 மில்லிமீட்டர் மழை பெய்ததாகவும், ஏனைய மூன்றும் வறண்டிருந்ததாகவும் வைத்துக்கொள்வோம். முதல் மாதிரி, ‘ஜூரோங்கில் 40 மில்லிமீட்டர்’ என்றது. இரண்டாம் மாதிரி, ‘நான்கு இடங்களிலும் பத்துப் பத்து மில்லிமீட்டர்’ என்றது. மூன்றாம் மாதிரி, ‘எங்கும் மழையில்லை’ என்றது.

பிழைகளை வர்க்கப்படுத்திச் சராசரி காண்போம். முதல் மாதிரி இரண்டு இடங்களில் நாற்பது நாற்பதாகப் பிழைத்தது, சராசரி 800. இரண்டாம் மாதிரி ஓரிடத்தில் முப்பதும் மூன்றிடங்களில் பத்துமாகப் பிழைத்தது, சராசரி 300. மூன்றாம் மாதிரியின் சராசரி 400. ஆக, கனமழை வரும் என்று உணர்ந்து, இடத்தை மட்டும் பிழைத்த மாதிரி கடைசியில் நிற்கிறது. எங்கும் பெய்யாத பத்து மில்லிமீட்டர்த் தூறலைச் சொன்ன மாதிரி முதலிடம் பெறுகிறது. மழையே இல்லை என்றது கூட இடையில் வந்துவிடுகிறது. பெய்யாத இடத்தில் சொன்னதற்கு ஒருமுறை, பெய்த இடத்தில் சொல்லாததற்கு ஒருமுறை என முதல் மாதிரி இருமுறை தண்டிக்கப்படுகிறது.

இவ்வளவுகோலுக்காகவே பயின்ற மாதிரி, நாள்கள் செல்லச் செல்ல மேடுகளைச் சமப்படுத்தி மங்கலான படத்தைத் தருவது இயல்பே. 2023 நவம்பர்த் தொடக்கத்தில் வடமேற்கு ஐரோப்பாவைத் தாக்கிய கியரன் புயலை வைத்து நான்கு செயற்கை நுண்ணறிவு மாதிரிகளை ஆய்ந்தவர்கள், அவை புயலின் பாதையையும் பொது வடிவத்தையும் நன்கு காட்டியபோதிலும், காற்றின் உச்ச வேகத்தைக் குறைத்தே மதிப்பிட்டதைக் கண்டனர். பாதைக்கு மதிப்பெண் இடுவோருக்கு அவை வென்றவை. கூரை நிற்குமா என்று கேட்போருக்கு அவ்வெற்றி போதாது. ஜென்காஸ்ட் போன்ற பிந்தைய மாதிரிகள், ஒற்றை விடைக்கு மாறாக ஐம்பதுக்கு மேற்பட்ட இயலக்கூடிய எதிர்காலங்களைத் தந்து இக்குறையைப் பெரிதும் தணித்துள்ளன என்பதையும் நடுநிலையோடு சொல்ல வேண்டும்.

ஒரு கட்டத்துக்குள் ஒரு தீவு

உலக அளவில் வென்ற மாதிரி நம் வட்டாரத்திலும் வெல்லுமா என்பது அடுத்த கேள்வி. கிராஃப்காஸ்ட் உலகைக் கால் பாகைக் கட்டங்களாகப் பகுக்கிறது. நிலநடுக்கோட்டுக்கு அருகில் அத்தகைய கட்டம் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 28 கிலோமீட்டர் நீளமும் அகலமும் கொண்டது. பரப்பு 770 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். சிங்கப்பூரின் மொத்த நிலப்பரப்பு அதைவிடக் குறைவு. புக்கிட் தீமாவில் கொட்டும் மழையும் சாங்கியில் அடிக்கும் வெயிலும் அம்மாதிரியின் கண்ணுக்கு ஓரிரு எண்களே.

நம் மழையின் இயல்பும் இதனைக் கடினமாக்குகிறது. இடைநிலப் பகுதிகளில் வானிலையைப் பெரும்பாலும் ஆயிரம் கிலோமீட்டர் அளவிலான அமைப்புகள் இயக்குகின்றன. நமக்கோ, வெப்பத்தால் எழுந்து ஒரு மணி நேரத்தில் கரையும் இடிமேகங்களே மழையில் பெரும்பங்கைத் தருகின்றன. ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான காலத்தில், மலாக்கா நீரிணையைக் கடந்து விடியற்காலையில் வந்து மோதும் சுமத்ரா சூறைக்காற்று அத்தகைய இடிமேகங்களின் அணிவகுப்பே. இவற்றைக் காண நுண்ணிய கட்டம் தேவை. அதனால்தான் சிங்கப்பூர் வானிலை ஆய்வகம், பிரிட்டிஷ் வானிலை அலுவலகத்துடன் இணைந்து, 1.5 கிலோமீட்டர்க் கட்டங்களைக் கொண்ட மரபுவழி மாதிரியொன்றை உருவாக்கியது.

விடைத்தாள் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். மீள்பகுப்பாய்வுத் தொகுப்பிலுள்ள மழையளவு பெரும்பாலும் மாதிரி கணித்த மழையே. மழைமானி அளந்த மழையன்று. எனவே மழை முன்னுரைப்பை அத்தொகுப்பை மட்டுமே கொண்டு மதிப்பிடுவது, கற்ற நூலையே விடைத்தாளாக வைத்துத் திருத்துவதற்கு ஒப்பாகும். தரையில் உள்ள மழைமானியையும் ரேடாரையும் கொண்டு திருத்தினால்தான் மதிப்பெண்ணுக்குப் பொருளுண்டு.

பதிவேட்டில் ஒருமுறை வந்த புயல்

2001 டிசம்பர் 27ஆம் நாள், வாமெய் என்னும் சூறாவளி ஜொகூரின் தென்கிழக்குக் கரையில், சிங்கப்பூருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் கரையேறியது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஒன்றரைப் பாகையில் அது உருவானது. புவியின் சுழற்சி காற்றுக்குத் தரும் திருப்புவிசை அங்கே மிகக் குறைவு. ஆதலால் நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்து பாகைக்குள் சூறாவளி தோன்றாது என்பதே பாடநூல்களில் நிலவிய பொதுவிதி. வாமெய் அவ்விதியை மீறியது. ஜொகூரிலும் பகாங்கிலும் வெள்ளமும் நிலச்சரிவும் நேர்ந்தன, உயிர்கள் பலியாயின. இத்தகைய நிகழ்வு அங்கே 100 முதல் 400 ஆண்டுகளுக்கு ஒருமுறையே நேரக்கூடும் என்று பின்னர் ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

கடந்த காலத்திலிருந்து மட்டுமே கற்கும் மாதிரி, கடந்த காலத்தில் அரிதாகவோ ஒருபோதும் காணாததாகவோ இருந்ததை முன்னுரைக்குமா? 2025இல் வெளிவந்த ஆய்வொன்று இதனை நேராகச் சோதித்தது. மூன்றாம் வகை முதல் ஐந்தாம் வகை வரையிலான கடும்புயல்கள் அனைத்தையும் பயிற்சிப் பதிவிலிருந்து நீக்கிவிட்டு, ஒரு மாதிரியைப் பயிற்றுவித்தனர். பின்னர் ஐந்தாம் வகைப் புயலின் தொடக்கநிலையைக் கொடுத்தபோது, புயல் வலுப்பெறும் என்று அது சொன்னது. ஆயின் அதன் கடுமையை எட்டவே இல்லை. அதே ஆய்வு நம்பிக்கை தரும் ஒன்றையும் கண்டது. ஒரு கடற்பகுதியின் கடும்புயல்களை மட்டும் நீக்கியபோது, வேறு கடற்பகுதிகளில் கற்றதைக் கொண்டு மாதிரி ஓரளவு ஈடுசெய்தது.

மரபுவழி மாதிரியும் அரிய புயல்களைத் தவறவிடும், அது பிழையற்றதன்று. ஆனால் அதன் சமன்பாடுகள், ஒரு நிகழ்வு முன்னர் நடந்ததா என்று கேட்பதில்லை. புவி வெப்பமடைந்துவரும் நாளில் இவ்வேறுபாடு சிறியதன்று. இவ்விடத்தில் நம் கவலையொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறோம். மலிவான முறை வந்துவிட்டதென்று மழைமானிகளையும் வானிலை பலூன்களையும் இயற்பியல் மாதிரிகளையும் குறைக்கத் தொடங்கினால், புதிய முறை பருகும் ஊற்றையே நாம் அடைத்தவர்களாவோம்.

மொழியின் பொறுப்பு

இவ்வுரை மொழி மன்றத்தில் நிகழ்வதால், சொற்களைப் பற்றியும் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

துல்லியம் என்னும் சொல்லை நாம் இருபொருளில் ஆள்கிறோம். ‘பிற்பகல் 3.40 மணிக்கு 12.6 மில்லிமீட்டர் மழை’ என்பது நுணுக்கமான கூற்று. அது உண்மையாகுமா என்பது வேறு. முன்னதை நுண்மை என்றும், பின்னதை மெய்ம்மை என்றும் வகுப்பறையில் பிரித்து வழங்கலாம். கைப்பேசித் திரை மணிக்கு மணி காட்டும் எண்களில் நுண்மை நிறைய உண்டு. அதனைக் கண்டு மெய்ம்மையும் உண்டென்று மயங்குதல் எளிது.

வினைமுற்றிலும் கவனம் தேவை. ‘கதிரவன் கிழக்கே உதிக்கும்’, ‘நாளை மழை பெய்யும்’ என்னும் இரண்டும் ‘செய்யும்’ என்னும் ஒரே வாய்பாட்டில் அமைந்தவை. முன்னது மாறாத நியதி. பின்னது ஓர் எதிர்பார்ப்பு. ‘பெய்யக்கூடும்’, ‘பெய்யலாம்’, ‘பெய்ய வாய்ப்புண்டு’ என்று எழுதும் வசதி தமிழில் உண்டு. ஆனால் இவற்றுள் எது எவ்வளவு வாய்ப்பைக் குறிக்கும் என்பதில் நம்மிடையே உடன்பாடில்லை. ஐம்பது எதிர்காலங்களைக் கணிக்கும் மாதிரி ‘70 விழுக்காடு’ என்று சொல்ல, அதனை மொழிபெயர்ப்பவர் ‘மழை பெய்யும்’ என்று எழுதிவிட்டால், மாதிரி செய்யாத பிழையை மொழி செய்ததாகிவிடும். 70 விழுக்காடு என்று சொன்ன நாள்கள் நூறு இருந்தால், அவற்றுள் எழுபதையொட்டிய நாள்களில் மழை பெய்திருக்க வேண்டும். எஞ்சியவற்றில் பெய்யாமல் இருந்திருக்க வேண்டும். அதுவே நேர்மையான முன்னுரைப்பு. மழை பெய்யாத ஒரு நாளைக் காட்டி அதனைப் பொய்யென்பது முறையாகாது.

வகுப்பறையில் தொடங்குவோம்

இவை அனைத்தையும் சோதித்துப் பார்க்கப் பெருங்கணினி வேண்டியதில்லை. பள்ளி வளாகத்தில் ஒரு மழைமானியும் ஒரு குறிப்பேடும் போதும். ஒவ்வொரு மாலையும் அடுத்த நாளுக்கான முன்னுரைப்பை இரண்டு மூலங்களிலிருந்து எழுதிக்கொள்க. மூன்றாவதாக, ‘இன்றைப் போலவே நாளையும்’ என்னும் எளிய மாற்றையும் எழுதுக. மறுநாள் மழைமானி காட்டியதைப் பதிக. பலித்தது, வீண் எச்சரிக்கை, தவறவிட்டது, சரியாக மறுத்தது என்னும் நான்கு கட்டங்களில் எண்ணி வருக. ஒரு மாதப் பதிவு தீர்ப்புச் சொல்லப் போதாது. ஓராண்டுப் பதிவு பேசத் தொடங்கும். ஒரு வகுப்பு விட்ட இடத்திலிருந்து அடுத்த வகுப்பு தொடரலாம். முக்கியமாக, முன்னுரைப்பை மழைக்கு முன்னரே எழுதுக. பின்னர் அதனைத் திருத்தாதிருக்க.

நூறாண்டுகளுக்கு முன் ரிச்சர்ட்சன் தம் பிழையை அச்சிட்டதால்தான் பின்வந்தோர் அதனைத் திருத்த முடிந்தது. செயற்கை நுண்ணறிவாயினும் மரபுவழி மாதிரியாயினும், தான் சொன்னதையும் நடந்ததையும் அருகருகே வைத்துக் காட்டுவதே நம் நம்பிக்கைக்கு உரியது. அவ்வாறு வைத்துப் பார்க்கும் பழக்கத்தை நம் மாணவர்கள் பெறுவார்களாயின், எந்தப் புதிய மாதிரி வந்தாலும் அதனை அவர்கள் அஞ்சவும் வேண்டா, வியந்து மயங்கவும் வேண்டா.